எண்பத்தேழாம் பக்கத்து முப்பதாயிரம்

பொன்னனுக்குச் சின்னண்ணன் ஏழாயிரத்து நானூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. எட்டு மாதக் கூலியில் நின்றுபோன பாக்கி. முப்பது வருஷத்துக் கடன். சீட்டு இல்லை, சாட்சி இல்லை. கொடுக்க வேண்டியவருக்கும் வாங்க வேண்டியவனுக்கும் மட்டும் தெரிந்த கணக்கு.

சின்னண்ணன் யாரென்று திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாலாம் வகுப்பைத் தாண்டாத ஆள்; பதினோரு மாநிலத்தைத் தாண்டியவர். வண்டியில், துளைக்குள் இறக்கும் இரும்பு ராடு எடுத்துக் கொடுக்கிற பையனாக ஏறி, டிரில்லராகி, நாற்பது வயதில் சொந்த வண்டி வாங்கி, ஐம்பதில் மூன்று வண்டிக்கு முதலாளி. யார் காலிலும் விழவில்லை, யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. வடக்கே எந்தக் காட்டில் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் எடுத்தாலும் அந்தத் துளையில் பாதி இந்தப் பக்கத்து வண்டி போட்டதாகத்தான் இருக்கும். இது வெறும் பெருமைப் பேச்சில்லை. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சொந்த வண்டி வாங்கிய இரண்டாவது வருஷம் அந்தச் சம்பவம் நடந்தது. ராய்ப்பூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் முந்நூற்று நாற்பது அடியில் துளை இடிந்து, இறக்கிய பதினேழு ராடும் உள்ளேயே சிக்கிக்கொண்டன. ஒரு ராடு இருபது அடி. மூன்று நாள் இழுத்தார்கள், வரவில்லை. நாலாம் நாள் அத்தனை இரும்பையும் மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். ஊர் வந்து கணக்குப் பார்த்தால் கையில் இருந்தது டீசல் பாக்கிக்கே போதவில்லை. டிரில்லருக்குக் கொடுத்தார், சமையல்காரருக்குக் கொடுத்தார், பையன்களுக்குப் பாதி பாதியாகக் கொடுத்தார். பனமரத்துப்பட்டியிலிருந்து வந்திருந்த பொன்னன் வரிசையில் கடைசி. அவன் முறை வந்தபோது பெட்டியில் ஒன்றுமில்லை.

"அடுத்த சீசனுக்கு வாடா, சேத்து வாங்கிக்கலாம்" என்றார்.

பொன்னன் அடுத்த சீசனுக்கு வரவில்லை. பணத்துக்கு மூன்று முறை வந்தான். முதல் முறை சின்னண்ணன் ஊரில் இல்லை. இரண்டாம் முறை இட்லியும் டீயும் கொடுத்து அனுப்பினார். மூன்றாம் முறை வீட்டுக்குள் இருந்துகொண்டே, நாமக்கல் போயிருக்கிறார் என்று சம்சாரம் வசந்தாமணியைச் சொல்லச் சொன்னார். அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. பொன்னன் அந்தச் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வந்தா சொல்லுங்க அக்கா" என்று போனவன்தான்.

பிறகு மூன்று வண்டி ஓடிய காலத்தில் ஏழாயிரம் என்பது ஒரு நாள் டீசல் காசு. கொடுத்திருக்கலாம். ஆனால் சின்னக் கடன் நாளாக நாளாகக் காசில் பெரிதாவதில்லை. அதைக் கொண்டுபோய் ஒரு வாசலில் நிற்பதுதான் பெரிதாகிவிடுகிறது. இன்றைக்குப் போகலாம், பொங்கல் கழித்துப் போகலாம் என்று தள்ளிப் போட்டே பத்து வருஷம் போய்விட்டது.

அப்புறம் ஒரு நாள் நாமக்கல்லில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ, "போர் வண்டிக்காரனுவ பாதிப் பேரு கூலிக்காரன் காசுல சொத்துச் சேத்தவனுவதான்" என்று பேச்சை எடுத்தார்கள். சின்னண்ணனுக்குச் சுருக்கென்றது.

"யாரைச் சொல்றே? பனமரத்துப்பட்டிப் பொன்னனைக் கேட்டுப் பாரு. நானாத் தேடிப் போயி வட்டியோட இருபதாயிரம் எண்ணிக் கொடுத்துப்போட்டு வந்தவன்."

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பார்வை அவருக்குப் பிடித்துப்போனது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் இருபது இருபத்தைந்தாகி, பிறகு முப்பதாயிரத்தில் வந்து நின்றது. ஏரிக்கரையில் வைத்துக் கொடுத்தது, பொன்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டது எல்லாம் தானாகச் சேர்ந்தன. சொல்லிச் சொல்லி, கொடுத்ததாகவே அவருக்கும் பாதி நினைப்பு வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் தனப்பிரியா வந்தாள். சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியை. போர் வண்டித் தொழிலில் இருந்த பதினான்கு பேரின் வாழ்க்கையை அவரவர் வாயால் சொல்லவைத்துப் புத்தகமாக்குகிறாள், பல்கலைக்கழகப் பதிப்பகமே வெளியிடுகிறது என்றாள். கைபேசியை எதிரில் வைத்துப் பதிவு செய்துகொண்டு எட்டு மத்தியானம் உட்கார்ந்து கேட்டாள். அவர் சொன்னதை அதுவரை அவ்வளவு பொறுமையாக ஒருவரும் கேட்டதில்லை.

"கம்ப்ரசரை ஓட்டி உட்டுப்போட்டே அம்மிணி, இனி நீயாத்தான் நிறுத்தோணும்" என்று வசந்தாமணி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்தாவது மத்தியானம் பொன்னன் கதையும் வந்தது. ஏரிக்கரையோடு வந்தது.

ஆறு மாதம் கழித்துத் தனப்பிரியா நாற்பது பக்கத் தாள்க்கட்டோடு வந்தாள். "ஐயா, இது உங்க பகுதி. நல்லாப் படிச்சுப் பாருங்க. எதையாச்சும் எடுக்கணும், மாத்தணும்னா இப்பச் சொல்லுங்க. அச்சுக்குப் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. சரின்னா பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுங்க."

சின்னண்ணனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகும். படித்த பெண்ணுக்கு முன்னால் வாயை அசைத்து அசைத்துப் படிக்கவா? பீகார் செக்போஸ்ட்டில், ஒடிசா செக்போஸ்ட்டில், தலையும் வாலும் தெரியாத எழுத்தில் எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! பேனாவால் புள்ளி வைத்த இடத்தில் போட வேண்டியது, வண்டியை எடுக்க வேண்டியது. தாளை ஒவ்வொன்றாகப் புரட்டி, புருவத்தைச் சுருக்கி, தலையை ஆட்டி, நாற்பதிலும் போட்டார். கடைசிக் கையெழுத்தின்மேல் ஊதி மை காயவைத்தார்.

"பாத்தாச்சு அம்மிணி. சுத்தமா இருக்குது."

தை மாதம் பார்சல் வந்தது. ஐந்து புத்தகம், ஐம்பது அழைப்பிதழ். புத்தகத்தின் பேர் 'ராடு இறக்கியவர்கள்'. அட்டையில் அவருடைய முதல் வண்டியின் படம். சின்னண்ணன் முதலில் செய்தது, வசந்தாமணியிடம் மஞ்சளைக் குழைக்கச் சொன்னதுதான். பேர் போட்டு அழைப்பு அச்சடித்திருக்கிறது, நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைக்காமல் கொடுத்தால் அது என்ன அழைப்பு? மத்தியானத்துக்குள் ஐம்பதையும் திருச்செங்கோட்டு வண்டி ஆபீஸ்களில் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். "நம்ம சனத்துல புக்குல ஏறுன மொத ஆளு நான்தான். குடும்பத்தோட வந்துபோடோணும்."

சாயங்காலம் வசந்தாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துக் காட்டினாள். அவள் எட்டாவது வரை படித்தவள். இவர் சாய்ந்து உட்கார்ந்து, நல்ல இடம் வந்தால் மறுபடி ஒருக்கா படிக்கச் சொல்லிக் கேட்டார். எண்பத்தேழாம் பக்கம் வந்தது.

"'பனமரத்துப்பட்டியைச் சேர்ந்த பொன்னன் என்ற உதவியாளருக்கு நான் தர வேண்டியிருந்த கூலியை, சில வருஷம் கழித்து நானே தேடிப் போய், வட்டியோடு முப்பதாயிரம் ரூபாயாக அவர் கையில் எண்ணிக் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது.'"

வசந்தாமணி கண்ணாடியைக் கழற்றினாள். "ஏனுங்க, எப்பக் கொடுத்தீங்க?"

"மேல படி."

"செருப்பை வாசல்ல உட்டுப்போட்டு, நாமக்கல் போயிட்டாருன்னு என்னையச் சொல்லச் சொன்னீங்களே, அந்தப் பொன்னனுக்கா?"

"பேச்சுவாக்குல வந்துருச்சு. அந்தம்மிணி இதையுமா எழுதும்?"

"நீங்க சொன்னதைத்தான எழுதும்!"

பந்தியில் சொன்னது பந்தியோடு போய்விடும். இது அட்டை போட்டு, தைத்து, விலை போட்டு வந்திருக்கிறது. அவர் கையை நீட்டி அந்த வரியைத் தடவிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினால் போகிற எழுத்தாக இல்லை.

வசந்தாமணி புத்தகத்துக்குள் தனியாக வைத்து வந்திருந்த அழைப்பிதழை எடுத்தாள். பதிப்பகம் அன்றைக்கு எட்டுப் புத்தகம் வெளியிடுகிறது. இந்தத் தடவை புதிதாக ஒரு வழக்கம்: ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பிரதியையும் அந்தப் புத்தகத்துக்குள் பேர் வருகிற ஒருவர் மேடையில் பெற்றுக்கொள்வார். ஆறாவது புத்தகத்துக்கு எதிரில் அவள் விரல் நின்றது. "'முதல் பிரதி பெறுபவர்: திரு. பொன்னன், பனமரத்துப்பட்டி.' இதை நீங்க பாக்கலையா?"

அவர் பார்த்தது தன் பேர் இருந்த வரியை மட்டும்தான். ஐம்பது அழைப்பும் மஞ்சளோடு ஊருக்குள் போய்விட்டது.

மறுநாள் காலை முதல் பஸ் ஏறினார். சேலத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி அஸ்தம்பட்டி. பதிப்பகம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. படியேறி மூச்சு வாங்க உள்ளே போனால், அறை முழுக்கக் காகிதக் கட்டு, பசை வாசம். ஜவ்வரிசி ஆலைகளைப் பற்றி ஒன்று, ஏரி மதகுகளைப் பற்றி ஒன்று, ஆட்டு இனங்களைப் பற்றி ஒன்று என்று வெளியீட்டுக்கான எட்டும் எட்டு அடுக்காக இருந்தன. ஆறாவது அடுக்கில் அவருடைய வண்டி ஐந்நூறு வண்டியாக நின்றது.

பதிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் கந்தவேல் என்பவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எழுந்து வந்தார். "அட்டைப்பட வண்டிக்காரர் நீங்கதானே? வாங்க வாங்க. நானே பார்க்கணும்னு இருந்தேன்."

"ஒரு வரியை எடுத்துப்போடோணுமுங்க."

"எடுக்கிறதா? ஐந்நூறும் பைண்டிங் ஆகி வந்தாச்சே ஐயா."

"அந்தத் தாளைக் கிழிச்சுப்போட்டு வேற தாளு ஒட்டுங்க. செலவு என்னுது."

கந்தவேல் சிரித்தார். "ஐந்நூறுலயும் கிழிக்க முடியாதுங்க. பிழைதிருத்தம்னு ஒரு துண்டுச் சீட்டு வைக்கலாம். ஊர்ப் பேர் மாறிப்போச்சு, வருஷம் மாறிப்போச்சுன்னா வைப்போம். உங்களுக்கு எது தப்பா வந்திருக்கு?"

"தொகைங்க. எண்பத்தேழாம் பக்கம்."

"முப்பதாயிரமா? சரியா எவ்வளவுன்னு போடணும்?"

சின்னண்ணன் வாயைத் திறந்தார். ஆயிரம் அடி இறக்கியும் தண்ணீர் வராமல் புழுதியே புகையாக வந்த துளை மாதிரி வெறும் காற்றுதான் வந்தது.

கந்தவேல் ஒரு கோப்பை எடுத்துவந்து பிரித்தார். நாற்பது பக்கம், நாற்பது கையெழுத்து. "நீங்க பார்த்துச் சரின்னு போட்டிருக்கீங்க. அதுவும் இந்த வரியை அச்சுக்கு முன்னால படிச்சுப் பார்க்கிற எங்க மதிப்பீட்டாளர் சும்மா விடலை. கொடுத்தவர் சொல்றார், வாங்கினவரைக் கேட்டாச்சான்னு எழுதிட்டார். தனப்பிரியா மேடம் பனமரத்துப்பட்டிக்கே ஃபோன் போட்டு, பொன்னன்கிட்ட முழுசும் வாசிச்சுக் காட்டியிருக்காங்க."

"பொன்னன்கிட்டயா? அவன் என்ன சொன்னானுங்க?"

"அப்படியே எழுதி வச்சிருக்காங்க பாருங்க. 'அண்ணன் சொன்னாச் செரிதானுங்க.'"

அவன் இல்லையென்று கத்தியிருந்தால்கூட இவருக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

கந்தவேல் குரலைத் தாழ்த்தினார். "நெஜமாவே தப்புன்னா இப்பச் சொல்லுங்க ஐயா. புத்தகத்தை நிறுத்திடுவோம். ஆனா மேடத்துக்கு இது முதல் புத்தகம். ரெண்டு வருஷமா வெயில்ல அலைஞ்சிருக்காங்க. ஒருத்தர் சொன்னது பொய்னு ஆயிட்டா, மத்த பதிமூணு பேர் சொன்னதையும் எவனும் நம்ப மாட்டான்."

"இல்லீங்க இல்லீங்க. செரியாத்தான் இருக்குது. சும்மா கேட்டேன்."

டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு இறங்கினார். பஸ் ஸ்டாண்டில் பனமரத்துப்பட்டி வண்டி கண்ணுக்கு எதிரிலேயே நின்றது. ஏறினால் அரை மணி. சட்டைப் பையில் பஸ் காசு போக இருநூறு ரூபாய் இருந்தது. இருநூறு ரூபாயை வைத்துக்கொண்டு முப்பதாயிரம் கொடுத்த ஆள் எப்படிப் போய் நிற்பது? வண்டி புறப்பட்டுப் போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மூன்று வண்டி வைத்திருந்தவருக்கு இன்றைக்கு வாரம் ஐந்நூறு ரூபாய் கைச்செலவு. வண்டி, வங்கி, ஆபீஸ் எல்லாம் மகன் சந்தோஷ்குமாரிடம். மகன் குறை வைக்கிறவன் இல்லை. சாப்பாடு, மருந்து, துணி, எதற்கும் யோசிக்க மாட்டான். ஆனால் காசு கேட்டால் எதற்கென்று கேட்பான். இரண்டு வண்டிக்கு மாசத் தவணை கட்டுகிறவன் கேட்கத்தான் செய்வான். மறுநாள் காலை அவன் முன்னால் போய் நின்றார்.

"சாமி, ஒரு முப்பதாயிரம் வேணும்."

சந்தோஷ்குமார் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினான். "எதுக்குங்கப்பா?"

"ஒரு ஆளுக்குக் கொடுக்கோணும்."

"யாருக்கு?"

"பொன்னனுக்கு."

மகன் சிரித்தேவிட்டான். கைபேசியைத் திருப்பிக் காட்டினான். எண்பத்தேழாம் பக்கம் படமாக இருந்தது. "நேத்து நம்ம புக்கைப் படம் புடிச்சுப் போட்டேன், எங்க ஓனருங்க குரூப்புல இதுதான் ஓடுது. சின்னண்ணன் மாதிரி மொதலாளி இனி வருவானான்னு போட்டிருக்கறாங்க. கொடுத்தாச்சுன்னு புக்குலயே ஏத்திப்போட்டு, மறுபடியும் எதுக்கு? ஒருத்தருக்கு ரெண்டு தடவை கொடுப்பாங்களா?"

"அது வந்து சாமி..."

"ஓ, புக்கைப் பாத்துப்போட்டு அந்த ஆளு இன்னும் வேணும்னு கேக்கறானா? நம்பரைக் கொடுங்க. நான் பேசிக்கறேன். இப்படி ஏமாத்தறவனையெல்லாம்..."

"வேண்டாம் வேண்டாம்! அவன் ஒண்ணும் கேக்கலை. நான்தான் சும்மா, ஒரு அன்பளிப்பாட்டம்."

"ஒரு சால்வையைப் போடுங்கப்பா, போதும்."

பெற்ற மகனிடம் ஒரு வார்த்தை உண்மை சொன்னால் தீர்ந்துவிடும். அந்த வார்த்தைதான் வரவில்லை. இந்தக் கதையைச் சொல்லித்தானே அவனை வளர்த்தார்? கூலிக்காரன் காசைத் தொடாதே, பொன்னனுக்கு நான் கொடுத்ததைப் பார் என்று. இப்போது பேசாமல் விட்டாலும் பொய், மறுபடி காசு கேட்டாலோ பொன்னன் ஏமாற்றுக்காரன். எழுந்து போய்ப் படுத்தார். பகல் முழுக்கப் படுத்தே கிடந்தார்.

வெளியீட்டு நாள் வந்தது. பல்கலைக்கழக அரங்கில் கூரை வேலை நடந்ததால் சூரமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். சந்தோஷ்குமார் நாக்பூருக்கு வண்டி பார்க்கப் போயிருந்தான். அந்த மட்டுக்கும் நிம்மதி. சின்னண்ணனும் வசந்தாமணியும் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். பத்தரை மணிக்கு இரண்டு வேன் நிறைய வெள்ளை வேட்டிகள் வந்து இறங்கின. திருச்செங்கோட்டு வண்டிக்காரர்கள், முப்பத்தோரு பேர். முன்னால் மயில்சாமி, சின்னண்ணனோடு ஒரே வண்டியில் ராடு தூக்கியவர், இன்றைக்கு ஏழு வண்டிக்காரர்.

ஜவ்வரிசி, மதகு, ஆடு எல்லாம் முடிந்து ஆறாவது புத்தகம் வந்தது. தனப்பிரியா பேசினாள். பேச்சின் நடுவில் புத்தகத்தை விரித்து எண்பத்தேழாம் பக்கத்தைப் படித்தாள். வண்டிக்காரர்கள் கை தட்டினார்கள், விசிலும் அடித்தார்கள். சின்னண்ணன் குனிந்து கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள திரு. பொன்னன் அவர்களை அழைக்கிறேன்."

பின் வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்து வந்தார். தலை முழுக்க வெள்ளை, முதுகு லேசாக வளைந்து, புதுச் சட்டையில் மடிப்புக் கோடு. இருபத்தைந்து வயதுப் பையனைத்தான் சின்னண்ணன் இத்தனை நாளும் மனசுக்குள் வைத்திருந்தார். அவனும் கிழவனாகியிருப்பான் என்று தோன்றவே இல்லை. துணைவேந்தர் புத்தகத்தைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். தனப்பிரியா மைக்கை நீட்டி, "ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா" என்றாள்.

மண்டபம் முழுக்கச் சின்னண்ணனுக்குத் தெரிந்த முகம். எழுந்து ஓடவும் முடியாது.

பொன்னன் மைக்கை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். "வணக்கமுங்க. எனக்குப் பேசத் தெரியாதுங்க. ராடு எடுத்துக் கொடுக்கத்தான் தெரியும். அண்ணன் சொன்னதுதான் புக்குல இருக்குது. இத்தனை பெரிய மனுசங்க சேந்து போட்ட புக்கு. இதுல இருக்கிறது பொய்யாகக் கூடாதுங்க. அவ்வளவுதானுங்க."

பலமான கைதட்டல். தனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பேச்சின் மறுபாதி யாருக்கென்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் மயில்சாமி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு சின்னண்ணன் முன்னால் வந்து ஒரு கவரை நீட்டினார். மூலையில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டிய மொய்க் கவர். அவருக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையாக நின்றார்கள்.

"என்ன மயிலு இது!"

"என்னவா? மஞ்சத் தொட்டுப் பத்திரிகை வச்சே, மண்டபத்துக்கு வரச் சொன்னே. வெறுங்கையோட வாரதுக்கு நாங்க என்ன ஊரு பேரு தெரியாதவனா?"

கந்தவேல் ஓடி வந்தார். "ஐயா, இது புத்தக வெளியீடு! கல்யாணம் இல்லை. புத்தகம் அந்த மேசையில விக்குதுங்க."

"அதையும் வாங்கறோம் சார். அது வேற, மொய் வேற."

"வேண்டாம் மயிலு. எடுத்துக்கிட்டுப் போங்க."

"வாங்காம உட்டா நாங்க வந்ததுக்கு என்ன மருவாதி? பையனுக்கு ஆச்சு, பொண்ணுக்கு ஆச்சு, பேத்திக்குக் காதும் குத்தியாச்சு. உன்ற ஊட்டுல இனி என்ன விசேசம் வரப் போவுது? புக்குதான். வாங்கிக்க." கவரை அவர் சட்டைப் பையில் செருகினார். "வைகாசில என்ற பேத்திக்குச் சீரு. அதுக்கு வந்துபோடு."

அதுதானே மொய். இன்றைக்கு வாங்குவது நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது. முப்பத்தோரு வீடு, முப்பத்தோரு விசேஷம். அவருக்கு வயது எழுபத்திரண்டு. தடுக்கத்தான் பார்த்தார். கைகள் வந்துகொண்டே இருந்தன. வசந்தாமணி அழைப்பிதழைத் திருப்பிப் போட்டு, தனப்பிரியாவிடம் பேனா வாங்கி, பேரும் தொகையும் எழுத ஆரம்பித்தாள். இருபத்திரண்டு பேர் ஆயிரத்தொன்று. ஒன்பது பேர் ஐந்நூற்றொன்று. கடைசியில் கந்தவேலும் வந்து பதிப்பகத்தின் மதிப்பூதியக் கவரைக் கொடுத்தார். பதினான்கு பேருக்கும் ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. அதையும் அவள் மஞ்சப்பையில் போட்டாள்.

எல்லாரும் பந்திக்குப் போனபிறகு, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் பொன்னன் நின்றிருந்தார். புத்தகம் கக்கத்தில் இருந்தது.

"சாப்டியா பொன்னா?"

"ஆச்சுங்கண்ணா. நீங்க?"

"இன்னும் இல்ல." சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். "அந்த அம்மிணி போன்ல படிச்சப்போ நீ இல்லைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா அந்த வரியை எடுத்துருப்பாங்க. வரி போனா எங்காசும் அதோட போச்சு. உங்களுக்கு ஒரு நாள் அவமானம், எனக்கு ஒண்ணுமில்லை. அதான் செரின்னு சொன்னேனுங்க. புக்குல ஏறிப்போச்சுன்னா அண்ணனால தாண்டிப் போவ முடியாது."

"முப்பதாயிரம்..."

"நான் கேட்டது ஏழாயிரத்தி நானூறுதானுங்க. மூணு தடவை வந்து கேட்டேன். முப்பது நீங்களாப் போட்டது."

அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் சின்னண்ணன் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார்; சத்தம் போடத் தெரிந்த ஆள்தான்.

வசந்தாமணி மஞ்சப்பையோடு வந்தாள். "பிரிச்சுக் கொடுங்க."

"மொய்க் காசு புள்ள. திருப்பிச் செய்யோணும். எதை வச்சுச் செய்வேன்?"

"தெரியாதுங்க. இவரு முப்பது வருசம் நின்னாரு. அவங்க கொஞ்ச நாளு நிக்கட்டும்."

சின்னண்ணன் கை கழுவும் தொட்டி விளிம்பில் கவர்களை அடுக்கிப் பிரித்தார். எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்; அறுபது சேர்ந்தால் முப்பதாயிரம். பொன்னன் புத்தகத்தை வசந்தாமணியிடம் கொடுத்துவிட்டு வலது கையை விரித்து நீட்டினார். அரளிப் பூப் பறித்து விரலிடுக்கெல்லாம் கறுத்த கை.

"எண்ணியே கொடுங்கண்ணா. எண்ணிக் கொடுத்ததாத்தான் போட்டிருக்குது."

ராடு இறக்கும்போது சத்தமாக எண்ணுவது அவர் பழக்கம். அந்தக் குரலிலேயே ஆரம்பித்தார். ஒண்ணு. ரெண்டு. மூணு. மண்ணில் விட்டு வந்த ராடுகளின் பதினேழு வந்தபோது நாக்கு ஒரு கணம் தடுக்கியது. மேலே போனார். மொய்க் கவர் ஐம்பத்து மூன்றில் முடிந்தது. பதிப்பகத்துக் கவரோடு ஐம்பத்தெட்டு. பையைக் குலுக்கிப் பார்த்தார். கவர்களில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய்க் காசுகள்தான் மிச்சம்.

பொன்னன் கையை மூடவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை.

சின்னண்ணன் சட்டைப் பையைத் துழாவினார். அந்த வாரத்துக்கு மகன் கொடுத்த ஐந்நூறு நாலாக மடித்து இருந்தது. பிரித்து, தொடையில் வைத்து நீவி, அடுக்கின்மேல் வைத்தார்.

"அம்பத்தொம்பது."

வசந்தாமணி திரும்பி நின்று, மாத்திரை வாங்க வைத்திருந்த ஐந்நூறை எடுத்துச் சின்னண்ணன் கையில் திணித்தாள். அவர் அதை அந்த விரித்த உள்ளங்கையில் வைத்தார்.

"அறுவது."